இணைப்பில் இழக்கும் வெப்பம்: பள்ளிக் கட்டடங்களும் கட்டமைப்புப் பொறியாளரின் கடமையும்



பொறியியலைத் தமிழில் பேச வேண்டும், பேசியதை அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெருந்தகையை முதலில் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அவர் எண்ணத்துக்கு ஏற்ற பொருளாக, நம் பாடத்திட்டத்தில் அதிகம் இடம்பெறாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். குளிர்நாடுகளில் குறைந்த எரிபொருளில் இயங்கும் பள்ளிக்கூடங்களை இன்று கட்டுகிறார்கள். அந்தக் கட்டடங்களில் தூணும் தளமும், சுவரும் அஸ்திவாரமும், பீமும் முகப்புக் கூரையும் சந்திக்கும் இடங்களில் வெப்பம் எப்படி வெளியேறுகிறது, அதை எப்படிக் குறைக்கிறார்கள் என்பதே இன்றைய பொருள்.

நான் சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு எவ்வளவு தடிப்பில் வெப்பக்காப்பு போடுவது என்பதைக் கட்டடக் கலைஞர் முடிவு செய்யலாம். எந்தக் கண்ணாடி, எந்தக் காற்றோட்டக் கருவி என்பதை இயந்திரப் பொறியாளர் முடிவு செய்யலாம். ஆனால் அந்தக் காப்பை எந்த இடத்தில் கான்கிரீட்டும் இரும்பும் துளைத்துக்கொண்டு போகும் என்பது கட்டமைப்புப் பொறியாளரின் மேசையில்தான் முடிவாகிறது. கான்கிரீட் போட்ட பிறகு அந்த முடிவை மாற்ற முடியாது. ஆகவே பள்ளிக்கூடத்தின் வெப்பத்துக்கு நாமும் பொறுப்பு.

பள்ளிக்கூடம் ஏன் தனி வகை?

ஒரு வகுப்பறையில் 30 குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தையின் உடல் ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை வெளியிடும். 30 பேர் சேர்ந்தால் 2,000 வாட்டுக்கு மேல் ஆகிறது. ஒரு பெரிய மின் ஹீட்டர் கொடுக்கும் வெப்பம் அது. வீட்டிலோ அலுவலகத்திலோ இத்தனை பேர் இவ்வளவு சிறிய இடத்தில் இருப்பதில்லை. வெப்பம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால் குழந்தைகளின் உடல் வெப்பமே வகுப்பறைக்குப் பெரிய துணை.

இந்த எண்ணம் புதிதன்று. இங்கிலாந்தின் வாலசி நகரில் 1961இல் செயின்ட் ஜார்ஜ் பள்ளி கட்டி முடிக்கப்பட்டது. எம்ஸ்லி மார்கன் என்ற கட்டடக் கலைஞர், தெற்குப் பார்த்த முகப்பு முழுவதையும் இரட்டைக் கண்ணாடிச் சுவராக அமைத்தார். மற்றப் பக்கங்களில் கனத்த சுவர், கூரையில் நல்ல வெப்பக்காப்பு. வெயில், மின்விளக்குகள், மாணவர்களின் உடல் ஆகிய மூன்றிலிருந்தும் வரும் வெப்பமே போதும் என்பது அவர் கணக்கு. குளிர்காலத்தில் அது பெருமளவுக்குச் சரியாகவே அமைந்தது. ஆனால் வெப்பத்தைக் காக்க ஜன்னல்களை மூடிவைத்ததால் வகுப்பறைக் காற்று புழுங்கியது. வெப்பத்தையும் நல்ல காற்றையும் ஒன்றாகக் காக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தப் பள்ளி பிற்காலத்தவருக்கு விட்டுச்சென்றது.

அதற்கு விடை ஜெர்மனியில் கிடைத்தது. வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியலாளரும் பூ ஆடம்சன் என்ற சுவீடன் பேராசிரியரும் 1988இல் பேசி உருவாக்கிய கருத்து, 1991இல் டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில் நான்கு வரிசை வீடுகளாக வடிவம் பெற்றது. இதுதான் பாசிவ் ஹவுஸ் முறையின் தொடக்கம். அதன் அளவுகோல்கள் கறாரானவை. ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஆண்டொன்றுக்கு அறையைச் சூடாக்க ஆகும் வெப்பம் 15 யூனிட்டுக்குள், அதாவது 15 கிலோவாட்-மணிக்குள், இருக்க வேண்டும். 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் கட்டடத்தின் இடுக்குகள் வழியே கசியும் காற்று, மணிக்கு அதன் கொள்ளளவில் 0.6 மடங்கைத் தாண்டக் கூடாது. வெளியே போகும் பழைய காற்றின் வெப்பத்தில் முக்கால் பங்காவது உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற வேண்டும்.

இந்த முறை விரைவில் பள்ளிகளுக்கும் வந்தது. பிராங்க்ஃபர்ட் நகரின் ரீட்பெர்க் பகுதியில் 2004இல் ஒரு தொடக்கப்பள்ளி, மழலையர் காப்பகம், உடற்பயிற்சிக் கூடம் மூன்றும் சேர்ந்த வளாகம் பாசிவ் ஹவுஸாகத் திறக்கப்பட்டது. 2007இல் அந்த நகரமன்றம், மாநகராட்சி கட்டும் புதிய கட்டடங்கள் இந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 2011இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஓக் மெடோ, புஷ்பரி ஹில் என்ற இரண்டு தொடக்கப்பள்ளிகள் இதே தரத்தில் எழுந்தன.

3,000 சதுர மீட்டர் தரைப்பரப்புள்ள ஒரு பள்ளியை நம் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 15 யூனிட் என்றால் ஆண்டு முழுவதற்கும் 45,000 யூனிட். இந்த 45,000 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புகள் இதில் எவ்வளவை விழுங்குகின்றன என்று இனிப் பார்ப்போம்.

இரும்பு செய்யும் வேலை

ஒரு மீட்டர் தடிப்புள்ள பொருளின் இரு பக்கங்களுக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கடக்கிறது என்பதே வெப்பக் கடத்துத்திறன். கனிமக் கம்பளிக்கும் தெர்மோகோலுக்கும் இது ஏறத்தாழ 0.035. மரத்துக்கு 0.13. கம்பி நிறைந்த கான்கிரீட்டுக்கு இரண்டுக்கு மேல். துருப்பிடிக்காத எஃகுக்கு 15. சாதாரண எஃகுக்கு 50. அலுமினியத்துக்கு 160க்கும் மேல்.

கொதிக்கும் குழம்பில் இரும்புக் கரண்டியைப் போட்டுவைத்தால் கை சுடும், அகப்பையைப் போட்டுவைத்தால் சுடாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்த வேறுபாட்டை எண்ணாக்கிப் பார்த்தால் அதன் அளவு வியக்கவைக்கும். எஃகு, கம்பளியைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. 12 மி.மீ. கம்பி ஒன்று வெப்பக்காப்பை ஊடுருவினால், எளிய கணக்கில், 40 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள காப்பு கடத்தும் அளவு வெப்பத்தை அந்த ஒற்றைக் கம்பியே கடத்திவிடும். ஒரு சதுர மீட்டரில் ஆறு கம்பிகள் அப்படிப் போனால் அந்தச் சுவரின் இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வெப்பம் இப்படிக் குறுக்கு வழி பிடிக்கும் இடங்களை வெப்பப் பாலம் என்கிறோம்.

இதை அளக்க மூன்று எண்கள் உண்டு. சுவர், கூரை போன்ற பரப்புகளுக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் என்ற எண். தளத்தின் விளிம்பு, ஜன்னல் ஓரம் போன்ற நீண்ட இணைப்புகளுக்கு மீட்டர் நீளத்துக்கு எத்தனை வாட் என்ற எண். தனித் தூண், தனித் திருகு போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட் என்ற எண். பாசிவ் ஹவுஸ் முறையில், நீண்ட இணைப்பின் எண் மீட்டருக்கு 0.01 வாட்டைத் தாண்டாவிட்டால் அந்த இடத்தை வெப்பப் பாலம் இல்லாததாகவே கொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. பள்ளியின் ஒரு பக்கத்தில் 30 மீட்டர் நீளத்துக்கு, மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பாக, மாடித் தளத்தையே வெளியே நீட்டிக் கான்கிரீட் முகப்புக் கூரை அமைக்கிறோம். உள்தளமும் வெளித்தளமும் ஒரே வார்ப்பு. இந்த இணைப்பின் எண்ணை மீட்டருக்கு 0.8 வாட் என்று கொள்ளலாம். 30 மீட்டருக்கு 24 வாட். அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 24 வாட். அதே நீளத்தில் மூன்று மீட்டர் உயரச் சுவர் 90 சதுர மீட்டர். நல்ல காப்புள்ள அந்தச் சுவரின் எண் 0.15. மொத்தம் 13.5 வாட்தான். 20 செ.மீ. தடிப்புள்ள ஒரு தளத்தின் விளிம்பு, மூன்று மீட்டர் உயரச் சுவர் முழுவதையும்விட அதிக வெப்பத்தை வெளியேற்றுகிறது.

காப்பே இல்லாத பழைய செங்கல் சுவராக இருந்தால் அந்த 90 சதுர மீட்டரே 120 வாட்டுக்கு மேல் இழந்திருக்கும். அதன் பக்கத்தில் தளத்தின் 24 வாட் கண்ணில் படாது. பழைய கட்டடங்களைக் கட்டியவர்கள் இந்த இணைப்பைப் பற்றிக் கவலைப்படாததற்குக் காரணம் இதுதான். சுவர் நல்ல சுவராக ஆக ஆக, இணைப்பின் பங்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. சிக்கனக் கட்டடத்தில்தான் இணைப்புக்கு முழுக் கவனம் வேண்டும்.

ஆண்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நடு ஜெர்மனியின் தட்பவெப்பத்துக்கு, சூடாக்கும் பருவம் முழுவதற்கும் 84,000 டிகிரி-மணி என்பது வழக்கமாகக் கொள்ளும் எண். 24 வாட்டை இதனால் பெருக்கினால் ஏறத்தாழ 2,000 யூனிட். நம் 45,000இல் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு, ஒரே ஒரு முகப்புக் கூரை வழியாக.

சுவர்மூலையின் கருமை

எரிபொருளோடு இந்தக் கதை முடிவதில்லை. குழந்தைகளின் உடல்நலத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. அதுவே எனக்கு முதன்மையான காரணம்.

20 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள அறைக் காற்று, 9.3 டிகிரிக்குக் குளிர்ந்தால் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும். ஆனால் பூஞ்சணத்துக்கு நீர்த்துளி வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டி நீடித்தாலே அது வளரும். அதே அறையில் சுவரின் மேற்பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே போனால் அந்த நிலை வந்துவிடும். அதனால்தான் ஜெர்மன் தரநிலை, வெளியே உறைநிலைக்கு 5 டிகிரி கீழே இருக்கும் நாளிலும் உட்பரப்பின் எந்தப் புள்ளியும் 12.6 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று வகுத்திருக்கிறது.

நல்ல சுவரின் நடுவே இந்த எல்லைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அது 19 டிகிரிக்கு மேலேயே இருக்கும். ஆபத்து, கூரையும் சுவரும் சேரும் மூலையில், வெளியே நீளும் இரும்பு பீமின் உள்முனையில், தரையும் வெளிச்சுவரும் தொடும் ஓரத்தில். 30 குழந்தைகளின் மூச்சும் வியர்வையும் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைக் காற்றில் கலக்கின்றன. சனி, ஞாயிறு பூட்டிக் கிடந்து குளிர்ந்த பள்ளி, திங்கட்கிழமை முதல் பாடவேளையில் இந்த ஈரத்தை வாங்கும்போது, முதலில் ஈரமாவது இணைப்பின் ஓரம்தான். அங்கே கருமை படர்கிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்குப் பூஞ்சணம் உள்ள அறை கேடு செய்யும். சுவரோரத்து இருக்கையில் உட்காரும் குழந்தையின் உடல்நலத்தையும் கவனத்தையும் அது பறிக்கிறது. பீம் முனையை வரைந்தவருக்கு அந்தக் குழந்தையைத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் வரைந்த கோடு அந்தக் குழந்தையைத் தொடுகிறது.

நான்கு விதிகள்

வெப்பப் பாலத்தைத் தவிர்க்க பாசிவ் ஹவுஸ் முறையினர் நான்கு விதிகளைச் சொல்கிறார்கள். முடிந்தவரை காப்பு அடுக்கைத் துளைக்காதே என்பது முதல் விதி. துளைத்தே ஆக வேண்டுமானால், துளைக்கும் பொருள் வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்துவதாக இருக்கட்டும் என்பது இரண்டாவது. இரண்டு காப்பு அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி விடாமல் முழுத் தடிப்பும் சேரட்டும் என்பது மூன்றாவது. மூலைகள் கூர்மையாக இல்லாமல் விரிகோணமாக இருக்கட்டும் என்பது நான்காவது. வரைபடத்தில் காப்பு அடுக்கின் மேல் ஒரு தடித்த மஞ்சள் பேனாவால் கட்டடத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். பேனா எங்கே தூக்கப்படுகிறதோ அங்கே பாலம் இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் தம் முதல் வரைபடத்திலிருந்தே இதைப் பழகலாம்.

இனி, பள்ளியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விதிகளைப் பொருத்துவோம்.

முகப்புக் கூரை, திறந்த நடைபாதை, தீ விபத்தில் இறங்கும் வெளிப்படிக்கட்டு ஆகிய மூன்றும் பள்ளிகளில் தவிர்க்க முடியாதவை. இவற்றுக்கு மிகச் சிறந்த வழி, கட்டடத்தைப் பிடித்துத் தொங்கவிடாமல் தம் சொந்தத் தூணிலும் அஸ்திவாரத்திலும் நிற்கவைப்பது. கட்டடத்தோடு பக்கவாட்டில் ஒன்றிரண்டு பிடிமானங்கள் போதும். செங்குத்துச் சுமை முழுவதும் தனித் தூண் வழியே நிலத்துக்குப் போகிறது. நம் எடுத்துக்காட்டில் உள்ள 2,000 யூனிட் இழப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சில தூண்கள் கூடுதலாக ஆகும். ஆனால் வெளியே நீட்டும் கேண்டிலீவர் தளத்துக்குப் போடும் கனத்த கம்பிகள் மிச்சமாகும்.

அடுத்தது அஸ்திவாரம். சுவர் நேராக அஸ்திவாரத்தில் உட்கார்ந்தால் சுவரின் காப்பும் தரையின் காப்பும் ஒன்றையொன்று தொடாது. இடையே கான்கிரீட்டோ செங்கல்லோ நின்று மண்ணுக்கு வெப்பத்தை இறக்கும். ஒன்று அல்லது இரண்டு மாடிப் பள்ளிகளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, அழுத்தம் தாங்கும் அடர்ந்த நுரைப் பலகைகளைப் பரப்பி அவற்றின் மேல் ராஃப்ட் அஸ்திவாரத்தை வார்ப்பது. முழுக் கட்டடமும் காப்பின் மேல் உட்காரும். இரண்டாவது வழி, சுவரின் அடிவரிசையில் மட்டும் நுரைக்கண்ணாடிக் கற்களையோ காற்றூட்டிய இலகு கான்கிரீட் கற்களையோ வைப்பது. சுமையையும் தாங்கும், வெப்பத்தையும் மறிக்கும். இரண்டிலும் பொருளின் நீண்டகால அழுத்த வலிமையையும் காலப்போக்கில் அது எவ்வளவு அமுங்கும் என்பதையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டே ஆக வேண்டும். ஆய்வகத்தில் 10 விழுக்காடு நசுங்கும்போது பதிவாகும் வலிமையை வடிவமைப்புக்கு எடுத்தால் தவறாகும். நீண்டகாலச் சுமைக்கு அதில் பாதிக்கும் குறைவையே எடுக்கலாம்.

மூன்றாவது, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர். கூரையின் காப்புக்கும் சுவரின் காப்புக்கும் நடுவே கான்கிரீட் கைப்பிடிச்சுவர் தலைதூக்கி நின்றால், கட்டடத்தின் சுற்றளவு முழுவதும் வெப்பம் மேலேறும். கைப்பிடிச்சுவரையே மூன்று பக்கமும் காப்பால் போர்த்துவது ஒரு வழி. மரச்சட்டத்தில் அதைத் தனியாக, காப்புக்கு மேல் பொருத்துவது இன்னும் நல்ல வழி.

நான்காவது, சுவரின் வெளிப்புறத்தை மூடும் பலகைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகள். இவை சிறியவை என்பதால் பெரும்பாலும் கவனத்துக்கே வருவதில்லை. அலுமினிய பிராக்கெட் ஒன்று 0.05 வாட் கடத்துகிறது என்று கொண்டு, சதுர மீட்டருக்கு இரண்டு வைத்தால் 0.1 வாட் கூடுகிறது. 0.15 என்று நாம் கணக்கிட்ட சுவர் உண்மையில் 0.25 ஆகிவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகுக்கோ கண்ணாடி இழைப் பொருளுக்கோ மாறினால் இந்தக் கூடுதல் பெருமளவு குறையும்.

வட அமெரிக்காவில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். அங்கே பள்ளிச் சுவர்களை மெல்லிய எஃகுச் சட்டங்களால் எழுப்பி, சட்டங்களுக்கு இடையே கம்பளியை அடைப்பது வழக்கம். 40 செ.மீ.க்கு ஒரு சட்டம் வரும்போது, 9 செ.மீ. ஆழச் சட்டத்தில் அடைத்த கம்பளி தன் பெயரளவு மதிப்பில் 46 விழுக்காடுதான் தருகிறது என்று ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பின் தரநிலையில் உள்ள அட்டவணை சொல்கிறது. 15 செ.மீ. ஆழச் சட்டத்தில் இது 37 விழுக்காடாகக் குறைகிறது. கம்பளியைத் தடிப்பாக்கியும் பயன் அதே அளவு கூடுவதில்லை. சட்டத்துக்கு வெளியே தொடர்ச்சியான ஒரு காப்பு அடுக்கு வந்தால்தான் நிலைமை மாறும். டொரன்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் படிக்கிறார்கள். இந்த எண்கள் அவர்களுக்கும் உரியவை.

கடைசியாக ஜன்னல். ஜன்னலைச் செங்கல் வரிசையில் பொருத்துவதா, காப்பு அடுக்கின் நடுவில் பொருத்துவதா என்பது சிறு கேள்வியாகத் தோன்றும். நம் பள்ளியில் ஒன்றரை மீட்டர் சதுர ஜன்னல்கள் 100 என்றால் அவற்றின் சுற்றோரம் மொத்தம் 600 மீட்டர். பொருத்தும் இடத்தால் மீட்டருக்கு 0.1 வாட் வேறுபட்டால் 60 வாட். ஆண்டுக்கு 5,040 யூனிட். நம் 45,000இல் ஒன்பதில் ஒரு பங்கு. காப்பு அடுக்கில் பொருத்தினால் கனத்த மூன்றடுக்குக் கண்ணாடி சுவருக்கு வெளியே தொங்குவது போல் நிற்கும். அதைத் தாங்கும் பிடிமானத்தை வடிவமைப்பது மீண்டும் நம் வேலை.

வெட்டியும் வெட்டாமலும்

தவிர்க்கவே முடியாத கேண்டிலீவர் இருக்கும் இடத்தில் என்ன செய்வது? பொறியியலின் அழகு வெளிப்படும் இடம் இது. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

வெளியே நீளும் தளத்தில் மேற்புறம் இழுவிசை, கீழ்ப்புறம் அழுத்துவிசை. இதை நாம் இரண்டாம் ஆண்டிலேயே படிக்கிறோம். வெப்பம் கான்கிரீட்டின் முழுக் குறுக்குவெட்டு வழியாகவும் போகிறது. விசைக்கோ முழுக் குறுக்குவெட்டும் தேவையில்லை. மேலே இழுவைக்குச் சில கம்பிகள், கீழே அழுத்தத்துக்குச் சில தாங்கிகள், வெட்டுவிசைக்குச் சில சாய்ந்த கம்பிகள் இருந்தால் போதும். மற்ற இடம் முழுவதையும் காப்பால் நிரப்பிவிடலாம். இந்தச் சிந்தனையிலிருந்து 1980களில் ஜெர்மனியில் உருவானதுதான் வெப்பத்தடை இணைப்பு. 80 அல்லது 120 மி.மீ. தடிப்புள்ள காப்புப் பெட்டி, அதை ஊடுருவும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், அழுத்தத்துக்கு உயர்வலிமைக் கான்கிரீட்டில் வார்த்த சிறு தாங்கிகள். துருப்பிடிக்காத எஃகைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். அது சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்து ஈரம் படியக்கூடிய அந்த இடத்தில் அரிக்கப்படாமலும் நிற்கும். இதனால் மீட்டருக்கு 0.8 வாட் என்பது 0.2 வாட் அளவுக்கு இறங்கும். 2,000 யூனிட் 500 ஆகிறது.

வெப்பத்தைத் தடுக்கும் இந்த இணைப்பு கட்டமைப்பில் சில புதிய கேள்விகளை எழுப்புகிறது. முதலாவது, அந்த மூட்டு ஒரே வார்ப்பான கான்கிரீட்டைவிடச் சற்று நெகிழும். நுனி கூடுதலாகத் தாழும். ஆகவே சென்ட்ரிங் அடிக்கும்போதே நுனியை அந்த அளவுக்கு உயர்த்தி வைக்க வேண்டும். குழந்தைகள் கூட்டமாக ஓடும் நடைபாதை என்றால் அதிர்வையும் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது, உள்தளம் ஆண்டு முழுவதும் 20 டிகிரியை ஒட்டியே இருக்க, வெளித்தளம் உறைநிலைக்கு 20 டிகிரி கீழிருந்து வெயிலில் 40 டிகிரி வரை மாறும். 10 மீட்டர் நீளத் தளம் இந்த 60 டிகிரி மாற்றத்தில் ஏறத்தாழ 6 மி.மீ. நீண்டு சுருங்கும். இணைப்புக் கம்பிகள் ஒவ்வோர் ஆண்டும் பக்கவாட்டில் வளைந்து நிமிரும். ஆகவே வெளித்தளத்துக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் விரிவிணைப்பு கட்டாயம். மூன்றாவது, தீ. தெர்மோகோல் எரியும். தீப்பிடித்தால் குழந்தைகள் இறங்கி ஓடும் வழியில், பெட்டியின் காப்பு எரியாக் கம்பளியாகவோ தீத்தடுப்புப் பலகை மூடியதாகவோ இருக்க வேண்டும். நான்காவது, பொருத்தும் ஒழுங்கு. பெட்டிக்கு மேல் கீழ் உண்டு. தலைகீழாக வைத்தால் இழுவைக் கம்பி அழுத்தப் பக்கத்துக்குப் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. கம்பி கட்டுபவரிடம் இதை வரைபடத்தோடு நேரில் விளக்க வேண்டியது பொறியாளரின் கடமை.

இரும்பு பீம்களுக்கும் இதே கோட்பாடுதான். பீமைக் காப்பு அடுக்கின் தளத்தில் வெட்டி, இரண்டு முனைகளிலும் தகடுகள் வைத்து, நடுவில் வலிமையான கடத்தாப் பட்டையை இட்டு, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் இறுக்குகிறார்கள். மரச்சட்டகமாகக் கட்டினால் சிக்கல் தொடக்கத்திலேயே இலேசாகிவிடுகிறது. வுல்வர்ஹாம்ப்டனின் ஓக் மெடோ பள்ளி மரச்சட்டகத்தில் எழுந்தது. மரம் தானே சுமையைத் தாங்கி, தானே ஓரளவு வெப்பத்தையும் மறிக்கும்.

நில அதிர்ச்சி உள்ள குளிர்நாட்டில் கேள்வி இன்னும் கடினம். நம் நாட்டிலேயே லடாக் அப்படிப்பட்ட இடம். அங்கே ஷே கிராமத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், ட்ருக் பத்மா கார்ப்போ பள்ளி வெயிலின் வெப்பத்தை நம்பிக் கட்டப்பட்டிருக்கிறது. நில அதிர்ச்சிக்காக அதன் கூரைச் சுமையை மரச்சட்டகம் சுவர்களைச் சாராமல் தாங்குகிறது. அதிர்ச்சிக்கு இணைப்புகள் தொடர்ச்சியாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். வெப்பத்துக்கு அவை துண்டிக்கப்பட வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டில் நிறைவேற்றுவது இளைய பொறியாளர்களுக்குக் காத்திருக்கும் நல்ல ஆய்வுப் பொருள். இமயப் பகுதிகளில் கட்டப்போகும் ஒவ்வொரு பள்ளிக்கும் அது தேவைப்படும்.

கணக்கும் களமும்

இணைப்பின் வெப்பத்தை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிடலாம். ஐ.எஸ்.ஓ. 10211 என்ற தரநிலை, இரு பரிமாண, முப்பரிமாண வெப்ப ஓட்டத்தைக் கணக்கிடும் முறையை வகுத்துத் தருகிறது. ஐ.எஸ்.ஓ. 14683 எளிய முறைகளைத் தருகிறது. 2011இல் ஆஷ்ரே அமைப்புக்காகக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு, பல மாடிக் கட்டடங்களின் இணைப்பு வகைகளை அலசியது. அதன் தொடர்ச்சியாக 2014இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வெப்பப் பாலங்களுக்கெனத் தனி வழிகாட்டி நூல் வெளிவந்தது. ஆஷ்ரேயின் 90.1 தரநிலை 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் வெப்பப் பாலங்களுக்கு விதிகளைச் சேர்த்தது. அதுவரை கணக்கில் வராமலே போன இழப்பு இப்போது கணக்கில் வருகிறது.

கணக்கு களத்தில் தோற்கும் இடங்களும் உண்டு. காப்புப் பலகைகளின் இடுக்கில் வழிந்த கலவை இறுகினால் அதுவே பாலம். குழாய் போடுபவர் வெட்டிய காப்பை யாரும் திரும்ப அடைக்காவிட்டால் அதுவும் பாலம். ஆகவே கான்கிரீட் போடுமுன் கம்பியைச் சரிபார்ப்பது போலவே காப்பையும் சரிபார்த்துப் படம் எடுத்துவைக்க வேண்டும். கட்டி முடித்த முதல் குளிர்காலத்தில், வெயில் ஏறுமுன் விடியற்காலையில், அகச்சிவப்புக் கேமராவால் பார்த்தால் தப்பிய இடங்கள் தெரிந்துவிடும்.

நமக்கு இதனால் என்ன?

தமிழ்நாட்டின் பெரும்பாலான வகுப்பறைகள் ஜன்னல் திறந்தவை. உள்ளும் வெளியும் ஏறத்தாழ ஒரே வெப்பம். அங்கே இந்த இணைப்புகளுக்குச் செலவு செய்வது தேவையில்லை. கூரைக்குக் காப்பும் ஜன்னலுக்கு நிழலும் நல்ல காற்றோட்டமும்தான் முதலில் வேண்டும். குளிரூட்டிய கட்டடத்திலும் வேறுபாடு 10, 12 டிகிரிதான். ஜெர்மனியின் கடுங்குளிர் நாளில் வரும் 30 டிகிரி வேறுபாட்டோடு ஒப்பிட்டால் இணைப்பின் பங்கு சிறியது. ஆனால் மீனும் ஐஸ்கிரீமும் வைக்கும் குளிர்பதனக் கிடங்குகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே உறைநிலைக்கு 20 டிகிரி கீழே, வெளியே 38 டிகிரி. குளிர்நாட்டுப் பள்ளியின் இரு மடங்கு வேறுபாடு. அங்கே காப்பைத் துளைக்கும் ஒவ்வொரு தூணும் வெளிப்பக்கம் வியர்த்து வடியும். நம் மண்ணில் இந்த அறிவு உடனடியாகத் தேவைப்படும் இடம் அது. நம் மாணவர்கள் ஜெர்மனியிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் கட்டமைப்புப் பொறியாளர்களாக வேலை செய்கிறார்கள் என்பதும் இதைக் கற்பிக்க இன்னொரு காரணம்.

கட்டமைப்பு வரைபடம் ஒவ்வொன்றிலும் சுமை எந்த வழியே நிலத்துக்குப் போகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். அதே வரைபடத்தில் வெப்பம் எந்த வழியே வெளியே போகிறது என்று பார்க்கவும் கற்றுக்கொடுப்போம். கேண்டிலீவர் பாடம் நடத்தும் வகுப்பிலேயே வெப்பத்தடை இணைப்பையும் நடத்தலாம். கூடுதல் பாடநூல் வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும். கட்டடக் கலைஞரின் முதல் ஓவியம் மேசைக்கு வரும் நாளிலேயே கட்டமைப்புப் பொறியாளரும் அந்த மேசையில் உட்கார வேண்டும். முகப்புக் கூரை தன் காலில் நிற்கட்டும் என்று சொல்ல அன்று ஒரு நிமிடம் போதும். கான்கிரீட் போட்ட பிறகு எத்தனை இலட்சம் செலவழித்தாலும் அதைச் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடம் என்பது ஒரு சமூகம் தன் குழந்தைகளுக்காகப் பொதுப்பணத்தில் கட்டும் கட்டடம். சூடாக்கவும் பூஞ்சணத்தைச் சுரண்டவும் ஆண்டுதோறும் போகும் பணம், புத்தகத்துக்கும் ஆசிரியருக்கும் போக வேண்டிய பணம். ஒரு பள்ளிக் கட்டடம் 50 ஆண்டுகளாவது நிற்கும். நாம் ஒரு முறை வரையும் இணைப்பு அந்த 50 குளிர்காலங்களிலும் வெப்பத்தைக் காக்கும் அல்லது இழக்கும். காக்கும் இணைப்பை வரைவதற்கான அறிவு இன்று முழுமையாகக் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது நம் தொழிலின் கடமை. கட்டடம் விழாமல் நிற்க நாம் கொடுக்கும் அதே கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும் என்று இளைய பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.